போவன்பள்ளியில் நான் பேசாத தமிழ்

'ஓசிப் போலீஸ்' என்று எனக்கு முதன்முதலில் பட்டம் சூட்டியவர் என் கணவர். வாரம் முழுவதும் நாச்சாரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு போலாரம் வீட்டிலிருந்து நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதெல்லாம், "சம்பளம் குடுக்கிற வேலைக்குக்கூட நீ இவ்வளவு குஷியா கிளம்பி நான் பார்த்ததில்லையே" என்பார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

காவல்துறைக்குத் துணையாக ஊதியமின்றிப் பணியாற்றும் தொண்டர்களாக, இந்த ஆண்டு நம் செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் சிலர் சேர்ந்திருக்கிறீர்கள். வயது வரம்பு என் கைப்பட்டையைக் கழற்றிவிட்டது. ஆகவே, ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நம் சங்கத்தார் கேட்டபோது உங்களுக்கே எழுதுவது என்று முடிவு செய்தேன். சாலையை எப்படி மறிப்பது, யாரிடம் தகவல் சொல்வது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு மனிதரின் உயிர் சிறிது நேரம் நம் பொறுப்பில் இருக்கும்போது எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பதை மட்டும் எழுத நினைக்கிறேன்.

முதலில் நம் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள். நமக்குத் தடி கிடையாது. ஒரு கைப்பட்டை, ஒரு விசில், வெயிலில் மின்னும் ஒரு ஜாக்கெட், அவ்வளவுதான். கேட்கலாம் என்று தோன்றுகிற வரைக்கும்தான் மக்கள் நம் சொல்லைக் கேட்பார்கள். அந்த எண்ணம் கலைந்த கணத்தில் நாமும் கூட்டத்தில் ஒருவர். அதுவும் தூரத்திலிருந்தே குறிபார்த்து அடிக்க வசதியான நிறத்தில் உடுத்திய ஒருவர்.

நான் சேர்ந்த ஆண்டில் விநாயகர் ஊர்வலத்துக்கு எங்களைக் கயிறு பிடிக்க அனுப்பினார்கள். சிலையேற்றிய லாரியைச் சுற்றி நீளக் கயிற்றை வளையமாகப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் அடியில் யாரும் விழுந்துவிடாமல் கூடவே நடக்க வேண்டும். என் பக்கத்தில் ஓர் இளைஞன் ஆடிக்கொண்டே கயிற்றின்மீது சாய்ந்து சாய்ந்து வளையத்தைக் குலைத்துக்கொண்டிருந்தான். நான் கெஞ்சினேன், அதட்டினேன், விசில் ஊதினேன். விசிலின் தாளத்துக்கும் சேர்த்து ஆடினான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர்; பொறுமையும் குறைவுதான். வேகமாக வந்தவர் தெலுங்கில் சொன்னார்: "மேடம், கயிறை அவன் கையில குடுங்க."

"அவன்கிட்டயா? அவன்தானே தள்றான்!"

"அதனாலதான். அடக்கமா நிக்கிறவன்கிட்ட குடுத்து என்ன பிரயோஜனம்?"

கொடுத்தேன். "தம்பி, இந்தப் பக்கம் உன் பொறுப்பு, குழந்தைங்க விழுந்துடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த இளைஞன் ஒரு கணம் விழித்தான். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்த தன் கூட்டாளிகளையே, "அரே, பின்னால போங்கடா! எதுக்குத் தள்றீங்க?" என்று விரட்டத் தொடங்கினான். ஏரிக்கரை வரையில் அந்தப் பக்கம் யாரும் கயிற்றைத் தொடவில்லை.

இதை மந்திரம்போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கையில் ஆயுதம் வைத்திருப்பவனிடமும், ஒருவர்மீது பழைய பகை உள்ளவனிடமும் கயிற்றைக் கொடுத்தால் நாமே அவனுக்கு அதிகாரம் வழங்கியதாகிவிடும். பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் அந்த சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். கரை சேர்ந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கயிறைத் திரும்ப வாங்கிட்டீங்களா?" என்பது. அதன் முக்கியத்துவம் எனக்கு அன்று புரியவில்லை.

என்னுடன் பெரும்பாலும் பணிக்கு வந்தவர் தனபால் அண்ணன். ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. போலாரம் சாலையில் ஒரு தமிழ்நாட்டு லாரி ஸ்கூட்டரை உரசி, அதில் வந்த பெண் விழுந்துவிட்டபோது அவர் தனியாக அங்கே இருந்தார். பெண்ணுக்குச் சிராய்ப்புதான். ஆனால் கூட்டம் கூடிவிட்டது. ஓட்டுநர் பயந்துபோய் வண்டிக்குள்ளேயே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனபால் அண்ணன் கதவைத் தட்டி, நல்ல மனத்தோடு, தமிழில் ஒரு வார்த்தை பேசினார். அதைப் பிறகு என்னிடம் அவரே விவரித்தார்.

"'பயப்படாதப்பா, நான் இருக்கேன்'னு சொன்னேம்மா. அவ்வளவுதான். 'அரே, ஏ பீ உஸ்கா ஆத்மீச் ஹை'ன்னு ஒருத்தன் கத்தினான். இவனும் அவன் ஆளுதான்னு. அதுக்கப்புறம் என் யூனிஃபார்மும் இல்ல, என் வயசும் இல்ல. லாரிக் கண்ணாடி போச்சு, அந்த டிரைவர் பையன் நெத்தியும் போச்சு. 'நான் இருக்கேன்'னு சொன்ன நிமிஷத்திலிருந்து நான் அங்க இல்லவே இல்லம்மா."

இந்த இரண்டையும் உங்களுக்கு முதலில் சொன்னதற்குக் காரணம், போவன்பள்ளிச் சந்தையில் ஒருநாள் காலையில் இரண்டும் ஒன்றாக என்முன் வந்து நின்றதுதான்.

பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று கைப்பேசிகளில் படங்கள் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. எந்த ஊரில், எப்போது எடுத்த படங்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். நெரிசலான இடங்களில் நடந்துகொண்டே இருங்கள், ஏதேனும் கண்டால் உடனே அழையுங்கள் என்று ஸ்டேஷனில் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நானும் தனபால் அண்ணனும் மொத்தக் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, வாயிற்பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. ஏலச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு இது வேறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு மனிதரை லாரியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். சட்டை கிழிந்து, உதட்டில் இரத்தம். முப்பது வயது இருக்கலாம். அவருடைய லுங்கியின் ஓரத்தைப் பற்றியபடி பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாயிலை நோக்கி வேகமாகப் போனாராம். ஒருவர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"பாப்பா, இவன் யாரு?" என்று மறுபடியும் ஒருவர் தெலுங்கில் உரக்கக் கேட்டார்.

"தெலீது" என்றாள் குழந்தை. தெரியாது என்று பொருள். அத்தனை முகங்களுக்கு நடுவே எந்தக் குழந்தையும் அதைத்தான் சொல்லும்.

அவர் தமிழில் கதறினார். "எங்கக்கா புள்ளைங்க! அடிக்காதீங்க சாமி! அக்கா உள்ள வெங்காய செட்டுல இருக்குதுங்க, செல்வின்னு பேரு, கேட்டுப் பாருங்க! லாவண்யா, மாமான்னு சொல்லு கண்ணு!"

குழந்தை அழுகைக்கு நடுவே தெலுங்கில், அம்மாவிடம் போக வேண்டும் என்றாள்.

"பாத்தியா! இவன் ஒரு பாஷை பேசறான், புள்ளை ஒரு பாஷை பேசுது. இவன் புள்ளையா இது?" என்றான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த ஓர் ஆள். "வீடியோல வந்தவன் இவனேதான். அதே தாடி."

நம் வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளைகள் நம்மில் யார் வீட்டில் இல்லை? அந்தக் கூட்டத்துக்குக் குற்றத்தின் சான்றாகத் தெரிந்தது, எனக்கும் தனபால் அண்ணனுக்கும் அன்றாட வழக்கமாகத் தெரிந்தது. அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. "நான் தமிழ், எனக்குப் புரிகிறது, விடுங்கள்" என்று சொல்வது எவ்வளவு இயல்பு!

சொல்லவில்லை. இரண்டு காரணங்கள் இருந்தன. தமிழில் நான் வாய் திறந்தால் அவருக்குத் துணை ஆள் வந்துவிட்டதாக ஆகும். பிறகு காவலுக்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது காரணம் இதைவிடக் கடினமானது. அவர் சொல்வது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. தமிழ் பேசினார் என்பதற்காக அவர் நல்லவராகிவிடமாட்டார். அவரைக் காப்பாற்றுவதற்கு அவர் நிரபராதியாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. நான் தீர்ப்பு வழங்க வந்தவள் அல்லள். அவரையும் அந்தக் குழந்தையையும் உயிரோடு ஸ்டேஷனில் சேர்ப்பது மட்டுமே என் வேலை.

ஸ்டேஷனுக்கு அழைத்து இடத்தைச் சொன்னேன். விசிலை ஊதவில்லை, சூடேறிய கூட்டத்தில் விசில் இன்னும் ஆட்களைத்தான் கூட்டிவரும். தனபால் அண்ணனைப் பார்த்தேன். அவரும் "வெங்காய செட்டு, செல்வி" என்பதைக் கேட்டிருந்தார். உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தார்; போலாரம் சாலை அவருக்கு நினைவிருந்தது. நான் தலையை லேசாக வெங்காயப் பக்கம் அசைத்தேன். "ஹவ்" என்று மட்டும், ஆமாம் என்பதற்கு இந்த ஊர் வழக்கில், முணுமுணுத்துவிட்டு, அந்த வயதில் அப்படி நடக்க முடியுமா என்று வியக்கும் வேகத்தில் போனார்.

கூட்டத்திலேயே அதிகம் சத்தம் போட்டவர் ஒரு ஹமாலி, அதாவது மூட்டை தூக்குபவர். அகன்ற தோள்கள். மற்றவர்கள் அவரை யாதகிரி அண்ணா என்று அழைத்தார்கள். கையில் எதுவும் இல்லை. அடிக்க ஓங்கியபோதெல்லாம் குழந்தை மீது பட்டுவிடாமல் அவர் தன் உடம்பைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன். அது போதுமென்று பட்டது. லாரியின் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவி அவர் கையில் வைத்தேன்.

"யாதகிரி அண்ணா, போலீஸ் வர்ற வரைக்கும் இவன் இங்கிருந்து ஓடக் கூடாது" என்றேன் தெலுங்கில். "இந்தக் கூட்டத்துல நழுவிட்டான்னா யாரைக் கேக்கறது? நீ ஒரு முனையைப் பிடி, உன் ஆளுங்களைச் சுத்தி நிறுத்து. பாப்பாவை எவனாவது மிதிச்சிடப் போறான். உள்ள யாரும் வரக் கூடாது. வந்தா உன் பொறுப்பு."

"நீ யாரு மேடம், சொல்றதுக்கு? நிஜப் போலீஸா, டூப்ளிகேட்டா?" என்றான் கைப்பேசிக்காரன்.

"ஓசிப் போலீஸ்" என்றேன். "நிஜம் வண்டியில வருது."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள் யாதகிரி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். நான்கு ஹமாலிகள் வளையமாக நின்றார்கள். உள்ளே நான், அந்த மனிதர், குழந்தை. எங்களைச் சுற்றி இரண்டு அடி வெற்றிடம் கிடைத்தது. அதை வாங்கத்தான் அத்தனை பாடு.

ஆனால் அந்த மனிதர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தெலுங்கு புரியாதவர். சீருடை போட்ட ஒருத்தி வந்தாள், அவரை அடித்தவனின் கையிலேயே கயிற்றைக் கொடுத்தாள். தன்னைக் கட்டிப்போடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். என் காலில் விழுந்தார்.

"அம்மா, தாயே, நான் கிருஷ்ணகிரிங்க, முருகேசன். லோடு கொண்டாந்தேன்மா. நேத்துதாம்மா அக்கா வீட்டுக்கு வந்தேன். தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒருத்தர் கூடவா இல்ல? ஐயோ, ஒருத்தர் கூடவா இல்ல?"

நான் அவர் தலைக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொல்றான் மேடம்? உனக்குப் புரியுதா?" என்றார் யாதகிரி.

"எது சொல்றதா இருந்தாலும் ஸ்டேஷன்ல சொல்லட்டும். எழுதிக்க அங்க ஆள் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறொருத்தியின் குரலாகக் கேட்டது.

அப்போது வெளியிலிருந்து ஒரு தக்காளிப் பெட்டி பறந்து வந்து என் தோளில் பட்டு விழுந்தது. குழந்தை வீறிட்டது. நான் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். நான் ஏதும் சொல்வதற்குள் யாதகிரி உறுமினார். "எவன்டா அவன்? கயிறு நான் பிடிச்சிருக்கேன், கண்ணு தெரியலையா? பாப்பா உள்ள இருக்கு! இன்னொரு பெட்டி வந்தா, போட்டவனை முதல்ல நான் கட்டறேன்!"

ஏரிக்கரை ஊர்வலம் எனக்கு நினைவுக்கு வந்தது. இனி வளையம் நிற்கும் என்று நம்பினேன். நின்றது.

செல்வி தலைவிரி கோலமாக ஓடி வந்தார். முடியெல்லாம் வெங்காயத் தோல். பின்னால் தனபால் அண்ணன், மூச்சிரைக்க. "அம்மா!" என்று குழந்தை என் கையிலிருந்து துள்ளியது. கயிற்றைத் தானாகவே உயர்த்தி வழிவிட்டார் யாதகிரி. செல்வியை அவருக்குத் தெரிந்திருந்தது.

"யாதகிரி அண்ணா, என் தம்பி! கூடப் பொறந்த தம்பி!" என்று தெலுங்கில் அலறிய அதே மூச்சில் செல்வி தமிழுக்கு மாறினார். "டேய் முருகேசா, புள்ளைக்கு ஒரு பன்னு வாங்கிட்டு வாடான்னுதானே சொன்னேன்!"

கூட்டம் எப்படிக் கலையும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஒருவர் பையைத் தேடுவார், ஒருவருக்கு ஏலம் நினைவுக்கு வரும். கைப்பேசிக்காரன், "பாத்தா அப்படித்தான் தெரிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே போனான். யாதகிரி மட்டும் அசையவில்லை. கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"மேடம், நாளையிலிருந்து கேட்ல நானே நிக்கறேன். புள்ளையோட வர்ற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி விசாரிக்கறேன்."

கயிற்றைத் திரும்ப வாங்கினாயா என்ற அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. கூட்டத்தை அடக்க நான் கொடுத்த அதிகாரம், என் கண் முன்னாலேயே அடுத்த முருகேசனைத் தேடத் தொடங்கியிருந்தது. கையை நீட்டினேன்.

"கயிறைக் குடு அண்ணா. நாளைக்கு நீ மூட்டையைப் பிடி. சந்தேகம் வந்தா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு, கை வைக்காதே."

"கயிறு என்ன, உன் வீட்டுக் கயிறா மேடம்?"

"லாரிக்காரர் கயிறு. கட்டணும், குடு."

அவர் முனகிக்கொண்டே கொடுத்தார். நீங்களும் வாங்காமல் வராதீர்கள்.

வண்டி வந்தது. காயத்துக்கு மருந்து போடவும் வாக்குமூலம் வாங்கவும் முருகேசனை அழைத்துப் போனார்கள். யார் யார் கை வைத்தார்கள் என்பதை நானும் ஸ்டேஷனில் சொல்ல வேண்டியிருந்தது. யாதகிரியின் பெயரையும் விடவில்லை. கயிறு பிடித்ததையும் சொன்னேன், அதற்கு முன் அடித்ததையும் சொன்னேன்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது வண்டிக்குள் நடந்தது. செல்வியும் குழந்தையும் ஒரு பக்கம், முருகேசன் எதிரில். கதவு மூடி, வண்டி சந்தையைத் தாண்டிய பிறகு, என் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன்.

"தண்ணி குடிங்க தம்பி. இனிமே பயமில்ல."

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தமிழா நீங்க?"

"ஆமாம்."

"அப்போ நான் கத்தினதெல்லாம்?"

"புரிஞ்சுது."

"எல்லாமே?"

"எல்லாமே புரிஞ்சுது தம்பி."

"புரிஞ்சுமா அப்படி மரமாட்டம் நின்னீங்க?" என்றார். குரல் உயரவில்லை. "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாகப் போறோம்னு நினைச்சிருக்க மாட்டேனே."

செல்வி, "டேய், அவங்க இல்லன்னா..." என்று தொடங்கினார். நான் கையமர்த்தினேன். காரணங்கள் என்னிடம் இருந்தன; உங்களுக்கு மேலே எழுதியிருக்கிறேன். இரத்தம் காயாத உதட்டோடு இருக்கும் ஒருவரிடம் அவற்றை அடுக்கி, என்னை நல்லவளாக்கிக்கொள்ள அது நேரமில்லை என்று பட்டது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டில் என் கையிலேயே இருந்தது.

லாவண்யாதான் அம்மா மடியிலிருந்து இறங்கி வந்து அதை வாங்கினாள். இரண்டு கைகளாலும் தூக்கி அவர் முன்னே நீட்டி, "மாமா, தாகு" என்றாள், குடி என்று, தெலுங்கில். அவர் வாங்கிக் குடித்தார். ஸ்டேஷனில் இறங்கும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

இன்று வரை எனக்கு அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பணிக்கு ஊதியம் கிடையாது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நன்றியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கே கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்து அதே லாரியின் பக்கத்தில் என்னை நிறுத்தினாலும், வண்டிக் கதவு மூடும் வரையில் நான் ஒரு தமிழ்ச் சொல் பேசமாட்டேன். அன்று மாலை முருகேசன் தன் லாரியில் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனார், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போயிருப்பார். திட்டுவதற்கு அவர் இருந்தார்.